உன் டைல்ஸ் கீழே பத்திரமாக இருக்கிறது

பசியாவரம்
வெள்ளிக்கிழமை

என் கண்ணு நிவேதாவுக்கு நைனா எழுதுவது.

முதலில் இந்தக் கோணல் எழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. படகுக்குக் கோல் ஊன்றிப் பழகிய கை, பேனாவையும் அப்படியே ஊன்றுகிறது, இரண்டு தாள் ஓட்டையாகிவிட்டது. யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே, உன் நைனா லோகநாதன்தான், அறுபத்தெட்டு வயதில் நானே எழுதுகிறேன். ஆறு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் மாலா டீச்சர் நடத்தும் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன், பாதியில் விட்டுவிட்டால் நீ சிரிப்பாயே என்று சொல்லவில்லை. இங்கே நானும் அம்மாவும் படகும் வலையும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் எப்படி என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் அம்மா ஈரக் காலோடு உள்ளே வந்து வழுக்கி விழுந்தாளே, எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்லியும் பயம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள், வாசலைத் தாண்டவில்லை, மீன் கூடையைத் தொடவில்லை. நீயோ போனில், நான் போட்ட டைல்ஸாலதானே நைனான்னு அழுதாய். உன் முதல் சம்பளத்தில் போட்ட வெள்ளை டைல்ஸ், முகம் தெரியும் பளபளப்பு. உடைத்துவிட்டு வேறு போடுவோம் என்றேன். உன் அம்மா, எம்பொண்ணு போட்டத ஒடைக்கணும்னா மொதல்ல என்ன ஒடைச்சிட்டுப் போய்யான்னுட்டா. அப்புறம் பழவேற்காட்டுக் கடையில்தான் சொன்னார்கள், பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டலாம், அதற்கென்று பசை மாவு மூட்டையில் வருகிறது என்று. மணல் நிறத்தில் சொரசொரப்பாக ஒன்றைப் பார்த்து, அங்கேயே தண்ணீர் ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்துத்தான் எடுத்தேன். நம் படகிலேயே ஏற்றி வந்தேன். படகு தாழ்ந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்த ஆபிரகாம், இன்னா லோகு, இன்னிக்கு இன்னா மீன்பாடுன்னு கத்தினான். ரெண்டடிச் சதுர மீனுடா, முள்ளே கெடையாதுன்னேன், கரையே சிரித்தது.

வேலைக்கு வந்தவன் பழவேற்காட்டு ராபர்ட். கை சுத்தம்தான், ஆனால் அவசரக்காரன். வந்ததும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைப் பிடித்து மாவில் ஊற்றப் போனான். நான் மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து அதில் போட்டிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், கண்ணு, அரை மணி நேரம் ஆயிற்று. குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அடியில் இருக்கும் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் எடுத்துவிட வேண்டும் என்றும் போட்டிருந்தது. ராபர்ட், பெரியவரே, நான் இருவது வருசமா தரை போடுறேன், மூட்டையப் படிச்சிட்டா போடுறேன்னான். நீ படிக்காங்காட்டி இன்னா, அதான் நான் படிச்சிட்டேனேன்னேன். கேன் தண்ணீரை எடுத்து வைத்ததும் கட்டிலிலிருந்து உன் அம்மா, தரைக்கு கேன் தண்ணியா, எனக்கு ஒரு நாளாவது கலர் வாங்கிக் குடுத்துகிறியான்னா.

பிறகு மண்டிபோட்டேன். ஃபைபர் படகில் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். ராபர்ட், மேளம் நல்லாகீது, நாயனம் எங்கன்னு சிரித்தான். எல்லாம் கெட்டியாகத்தான் கேட்டது, அடுப்படி வாசலில் மட்டும் டொக் டொக் என்றது, சரியாக அம்மா விழுந்த இடம். அவனும் தட்டிப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. உளி நுனியை வைத்ததுமே ஐந்து டைல்ஸ் கழன்று வந்தது, கீழே உப்புப் பூத்துக் கிடந்தது. இது மேல ஒட்டியிருந்தா அடுத்த மழைக்கே புதுசும் சேந்து பேந்துக்கினு வந்திருக்கும் பெரியவரே, மீதியையும் படின்னான். மீதியையும் படித்தேன், அவன் கேட்டுக்கொண்டே வேலை செய்தான். அந்த ஐந்தைத் தவிர உன் டைல்ஸ் எல்லாம் கீழே அப்படியே இருக்கிறது, அந்த ஐந்தில் முழுசாக வந்த ஒன்றைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். தரை உயர்ந்ததில் வாசல் கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, அடியைச் சீவிவிட்டோம். நானும் அரை அங்குலம் உயர்ந்துவிட்டேன்.

ஒரு நாள் முழுக்கக் கால் வைக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரியிடம் தங்கினோம். மறுநாள் காலை ஒரு குடம் தண்ணீரைப் புதுத் தரையில் கவிழ்த்தேன். அதன் மேல் நின்று ஒரு ஆட்டம் போட்டுக் காட்டினேன், கெழவனுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சுன்னாள் உன் அம்மா. சிரித்துக்கொண்டே, சுவரைப் பிடித்தபடி, ஈரத்தில் கால் வைத்து அடுப்படி வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தாள், கண்ணு. வாசல் வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்தாள், திரும்பி வந்தாள், இன்னொரு தடவை போனாள். அப்புறம், கவுத்தது குடிக்கிற தண்ணியான்னு கேட்டு என்னைத் திட்டினாள். இனி நீ அழக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது அவளுக்கு, அதனால்தான் நடுவில் இருமினாள், சளி என்று பயப்படாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவு டியூட்டி முடிந்ததும் தலைக்குக் குளிக்காதே, அங்கேயும் குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் பார்த்துக் கால் வை. நீ நினைப்பதெல்லாம் நடந்து, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

ஒன்பது நாளாக எழுதிய கடிதம் இது. நான் கொண்டுபோனால் மாற்றி எங்கேயாவது போட்டுவிடுவேனாம், பழவேற்காட்டுத் தபாலாபீசில் தானே போடப் போவதாக உன் அம்மா கிளம்பிவிட்டாள். போகிற போக்கில் இறாலையும் விற்றுவிடலாம் என்று மீன் கூடையையும் எடுத்துக்கொண்டாள். படகில் ஏறி உட்கார்ந்து, இன்னுமா முடியலன்னு அங்கிருந்தே கத்துகிறாள். அடுத்த வாரமும் எழுதுவேன், அவள் கொண்டுபோய்ப் போட ஏதாவது வேண்டுமே.

உன் நைனா
லோகநாதன்
(கையெழுத்து, இனி கைநாட்டு இல்லை)