உன் இதயத்துக்கு ஒன்றும் இல்லை, அண்ணா

அண்ணா,

இருபத்தெட்டு வருஷமாக நான் மற்றவர்களைப் படுக்கவைக்கும் கட்டிலில், போன செவ்வாய்க்கிழமை நானே படுத்தேன். என்னோடு வேலை பார்க்கும் புஷ்பா என் நெஞ்சில் ஜெல்லைத் தடவினாள். அந்தச் சில்லிப்பும் லேசான மருந்து வாசனையும் பட்டதும் எனக்குச் சாமி நினைவு வரவில்லை, உன் நினைவுதான் வந்தது. சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உலகத்தில் வேறு யாருக்கும் இதயமே கிடையாது என்பதுபோல் நீ படுத்திருக்கும் கோலம்.

இசிஜி காகிதம் ஓடி வந்தது. புஷ்பா அதைக் கிழித்து, "நீங்களே பாருங்கக்கா" என்று என் கையில் கொடுத்தாள். ஒழுங்காக நாலு துடிப்பு, அவசரப்பட்டு ஒன்று, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒழுங்காக நாலு. அசல் உன்னுடையதேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்தபடி சிரித்ததில் அடுத்த காகிதத்தில் கோடெல்லாம் கிறுக்கலாகி, புஷ்பா இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. உன் இசிஜியைப் பார்த்து இந்த வீட்டில் யாராவது சிரித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் படபடப்பு உனக்கு முதல் முறை வந்தது திருவதிகையில், அண்ணியின் சித்தப்பா மகள் கல்யாணத்தில். உனக்கு முப்பத்தொன்று. மூன்றாவது தடவையாகப் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுக் கை கழுவப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாய். "போச்சு, எல்லாம் போச்சு" என்றாய். பொண்ணு மாப்பிள்ளையைத் தவிர கல்யாணமே உன் பின்னால் ஓடிவந்தது. ஆட்டோவில் கடலூர் வரும் வழியெல்லாம் அண்ணி அழுதாள். அன்று நானும் அழுதேன். அப்பா அம்மா இல்லாத வீடு. நீ போனால் என்ன ஆகும் என்று உண்மையாகவே பயந்தேன். அந்த அழுகையை உனக்காக வீணாக்கினேனே என்று பின்னாளில் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன்னை மட்டும் உள்ளே வைத்துப் பேசினார். நீ வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாய். "எப்ப வேணா நின்னுடும்னு சொல்லிட்டாங்க. மனசு நோகாம பாத்துக்கணுமாம்" என்றாய்.

அன்று முதல் வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை. அண்ணி பானையில் சோறு வடித்தாள். உன் மகன் பந்தைத் தரையில் தட்டக்கூடாது. திருப்பாதிரிப்புலியூரில் நீ வைத்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பதினொரு மணிக்குப் போய், ஒரு மணிக்குப் படபடப்பு என்று திரும்புவாய். யாராவது உன் பேச்சுக்கு மறுபேச்சு பேசினால் உன் வலது கை மெல்ல இடது மார்புக்கு ஏறும். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். ஊரில் எத்தனையோ பேர் கத்தியும் அடித்தும் அதிகாரம் செய்தார்கள். நீ அந்தச் சிரமம்கூடப் படவில்லை.

எனக்கு அப்போது இருபத்து நான்கு. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவரை எனக்குப் பிடித்திருந்தது. சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவரே வீட்டுக்கு வந்து உன்னிடம் பேசுகிறேன் என்றார். நான்தான், "முதல்ல நானே சொல்லிடுறேன்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீ பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். நீ மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாதியைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன், இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீ பேப்பரை மடித்து வைத்தாய். கை மார்புக்குப் போனது.

"செய்யி மாலதி. உன் இஷ்டம். நான் இருக்கப் போறது கொஞ்ச நாளுதானே" என்று சொல்லிச் சோபாவில் சாய்ந்தாய்.

அண்ணி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் விசிறினேன். விசிறிக்கொண்டே, "வேணாம்ணா, நான் சும்மா சொன்னேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அது. உன்னைப் பழிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஒரு வருஷத்துக்குமேல் காத்திருந்தார். பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அவர் காத்திருந்தபோதே நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இசிஜி எடுக்கும் படிப்பில் சேர்ந்திருந்தேன். உனக்கு அதில் பரம சந்தோஷம். "வீட்டுலயே ஒருத்தி இருந்தா நல்லதுதானே" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய். தங்கையின் படிப்பைப் பற்றிப் பெருமைப்படுகிற அண்ணன் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, நீயாகவே வந்தாய். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் போட்டு, எங்கள் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த துணிப்பையோடு வந்தாய். நான்தான் உனக்கு இசிஜி எடுத்தேன். காகிதத்தைப் பார்த்தேன், பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். ஆறு மாதத்தில் அப்படிப்பட்ட காகிதத்தை நூறு பேருக்காவது எடுத்திருப்பேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இருந்தது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இருந்தது, அதிகமாகக் காபி குடிக்கிற வக்கீல் ஒருவருக்கு இருந்தது. அவர்கள் எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

எக்கோ ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகு, பெரிய டாக்டர் உன் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, அடியிலிருந்து பழுத்த சீட்டு ஒன்றை எடுத்தார். திருவதிகைக் கல்யாணத்தன்று டாக்டரம்மா எழுதியது.

"இதுலயே தெளிவா எழுதியிருக்காங்களே. இது ஆபத்து இல்லாத துடிப்பு, பயப்பட வேணாம்னு உங்ககிட்ட விளக்கிச் சொல்லியாச்சுன்னு போட்டிருக்கு. நடுவுல ஒரு துடிப்பு முந்திக்கும், அடுத்தது கொஞ்சம் தாமதமா வரும். அவ்ளோதான். இதயம் நல்லாருக்கு. காபியைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க, தினம் நடங்க. பயந்தாத்தான் ஜாஸ்தி ஆகும்" என்றார்.

நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலில் ஆச்சரியம் இல்லை, நிம்மதியும் இல்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்கிறவனின் தலையாட்டல். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்றைக்கு வாத்தியாருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணியின் முன்னாலேயே கேட்டேன்.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"என்னா தெரியும்?"

"ஒண்ணும் இல்லன்னு."

"அவுங்க சொல்லுவாங்க. அவுங்க நெஞ்சா? உனக்கு வந்தா தெரியும்டி" என்றாய். கை ஏறத் தொடங்கியது. அண்ணி பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"எடு கையை" என்றேன்.

நீ எடுத்துவிட்டாய்! அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கொஞ்சம் பிடிவாதமாவது காட்டியிருக்கலாம். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கையை மடியில் போட்டுக்கொண்டாய். அதன்பிறகு என் எதிரில் உனக்கு ஒருநாளும் படபடப்பு வந்ததில்லை. நான் வேலைக்குப் போன பிறகு வரும். அண்ணி எதிரில் வரும், மகன் எதிரில் வரும். பதினெட்டு வயதில் உன் மகன் ஓசூரில் படிக்கப் போனவன், அங்கேயே வேலை தேடிக்கொண்டு, தீபாவளிக்குத் தீபாவளி விருந்தாளி மாதிரி வந்துபோனான். "பையனுக்குப் பாசமே இல்ல" என்று நீ குறைப்பட்டாய்.

இவ்வளவு காவல் காத்தாயே, உன்னைக் கொண்டுபோனது எது? கணையத்தில் வந்த புற்று. ஆறு மாதமாக இளைத்தாய். முதுகு வலி, சாப்பாடு இறங்கவில்லை. நீ மூன்று இதய டாக்டர்களைப் பார்த்தாய். "வயித்தை ஸ்கேன் பண்ணலாம்ணா" என்று நான் கெஞ்சினேன். "வயித்துல என்னா இருக்கு? எனக்கு ஹார்ட்டுதான்" என்றாய். கண் மஞ்சளான பிறகுதான் வந்தாய். அதற்குள் எல்லாம் முற்றியிருந்தது.

கடைசி வாரம் என் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாய். பகல் வேளையில் மானிட்டரைச் சரிபார்க்க வருகிற சாக்கில் உன் பக்கத்தில் உட்காருவேன். ஐம்பத்தெட்டு வயதில் எழுபதுக்காரனைப்போல் இருந்தாய்.

"எப்பிடி ஓடுது?" என்று கேட்டாய்.

"நல்லா ஓடுதுண்ணா."

"பொய் சொல்லாத."

"உன்கிட்ட நான் பொய்யே சொன்னதில்ல. அது எப்பவுமே நல்லாத்தான் ஓடுச்சு."

நீ திரைப் பக்கம் தலையைத் திருப்பினாய். பிறகு, "அந்த வாத்தியாரு எப்பிடி இருக்காரு?" என்றாய். இருபத்தாறு வருஷம் கழித்து! மன்னிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, விசாரிப்பாக வந்தது. நான், "தெரியாது" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் நீ போனாய். ஈரல், சிறுநீரகம், மூச்சு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த பிறகும் அது மட்டும் கடைசி வரை வேலை செய்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல இதயத்தை வைத்துக்கொண்டு நீ என்னதான் செய்தாய்?

எனக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் தடவை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில். நெஞ்சுக்குள் ஏதோ தொபுக்கென்று விழுந்ததுபோல் இருந்தது. அதன்பிறகு ஒன்றுமே இல்லை, ஒரு வெறுமை. அடுத்த துடிப்பு வருமா என்று நின்றேன். ஆயிரக்கணக்கான காகிதம் பார்த்தவள், அந்தக் கணத்தில் எதுவும் ஞாபகம் இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டாள். சாகப்போகிறேன் என்றே நினைத்தேன்.

ஆக, நீ சொன்னது சரிதான். வந்தால்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். அந்த அரை நொடி பயம் நடிப்பில்லை, அதை நான் இப்போது உனக்குத் தருகிறேன். அதற்குப் பிறகான இருபத்தேழு வருஷத்தை என்னால் தர முடியவில்லை.

இப்போது ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை வருகிறது. மாடிப்படியில் வரும், பல் தேய்க்கும்போது வரும், சில நாள் நோயாளிக்கு ஒயர் மாட்டும்போது எனக்கு வரும். காலைக் காபியோடு நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் கடலூர் திரும்பியதும் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வந்தால் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, செய்துகொண்டிருந்த வேலையைச் செய்கிறேன். சில நாள் அது போதும். சில நாள் போதாது. அன்றைக்குப் பயந்துகொண்டே வேலையைச் செய்கிறேன். இப்படியும் இருக்கலாம் என்று உனக்கு யாரும் சொல்லாமல் இல்லை.

அண்ணியிடம் சொல்லவில்லை. அவள் இப்போது காடாம்புலியூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து பிறந்த வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை, நீ விட்டால்தானே. இந்தப் பலாப்பழ சீசனுக்கு நானே பஸ் ஏற்றிவிட்டேன். போகமாட்டேன் என்று பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு அழுதாள், ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். பின்னால் யாரோ பலாப்பழம் அரிகிறார்கள், பிள்ளைகள் கத்துகிறார்கள், குக்கர் விசில் அடிக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. ஒன்று, உடனே இன்னொன்று. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"தனியா என்னா பண்றே? உடம்பு நல்லாருக்குதா? நாளைக்கே வந்துடவா?" என்றாள். என்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ஓடி வந்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கென்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கேன். இன்னும் பத்து நாள் இருந்துட்டு வாங்க" என்றேன்.

இப்படிக்கு,
மாலதி