கீழே பூக்காத செடி

12-6-1978, திங்கள்

மச்சினன் காசிமாயன் மலைமேல் மெட்டிலிருந்து ஓர் ஏலச்செடியைத் தூரோடு பெயர்த்துக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டுவிட்டுப் போனான். அவன் அக்கா, என் மனைவி சுந்தரம்தான், சொல்லியனுப்பினாளாம். சுந்தரம் மருந்து மயக்கத்தோடு எழுந்து வந்து, பழைய சேலை ஒன்றைக் கிழித்து அதற்கு மேல் நிழல் கட்டினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க மேல போக மாட்டீக. அதான் அதக் கீழ வரச் சொல்லிட்டேன். பூத்தா உக்காந்து வரைங்க."

நான் வரைந்துவரும் ஏலச்செடிப் படவரிசையில் கிழங்கு, குருத்து, இலை, காய், விதை எல்லாம் முடிந்து வருஷங்கள் ஆகின்றன. பூ ஒன்றுதான் பாக்கி. காலையில் விரிந்து மாலைக்குள் வாடுகிற பூ. பறித்து அனுப்பினால் கீழே போடி வந்து சேர்வதற்குள் குழைந்துவிடுகிறது. போய்ப் பார்க்கலாம்தான். மலைப்பாதை வளைவுகளும் பள்ளமும் எனக்கு ஆகாது. ஒருமுறை பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, நடந்தே திரும்பியவன் நான்.

இந்த வெக்கையில் ஏலம் பூக்காது. பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் தாவரவியல் நடத்தியவனுக்கு அது தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

25-6-1978, ஞாயிறு

பூக்கிற வரைக்கும் ஞாயிறுதோறும் ஓர் இலையாவது வரைய வேண்டும் என்பது சுந்தரத்தின் உத்தரவு. வரைந்தேன். நரம்புகள் சீராக ஓடவில்லை. எனக்கு வரைகிற கை என்று ஒன்று உண்டா, அல்லது பொறுமை மட்டும்தானா?

3-9-1978

சுந்தரத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில். இலை இல்லை.

9-2-1979

விடிவதற்கு முன் சுந்தரம் போய்விட்டாள்.

11-3-1979, ஞாயிறு

காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள். செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை; நுனிகள் சுருண்டிருந்தன. ஊற்றினேன். வர்ணப் பெட்டியைத் திறந்தேன். தூரிகையை நனைத்தேன். கழுவி வைத்துவிட்டேன்.

18-3-1979, ஞாயிறு

ஓர் இலை. சுருண்ட நுனியோடேயே வரைந்தேன்.

16-7-1979

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பொன்னுமணிக்குக் குழந்தை தங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவள் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லித் தேற்றுவாள்? கஞ்சியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த நேரத்திலும், மேலே இது பூ விரிகிற மாதமாயிற்றே என்று மனசில் ஓடுகிறது. என்ன மனுஷன்டா நீ?

29-6-1980

புரை எடுத்த கண்ணில் இன்னும் கட்டு. குனியக் கூடாது, வெயில் பார்க்கக் கூடாது. இந்த வருஷத்துப் பூவும் போயிற்று. மகள் சிலமலையிலிருந்து வந்து சோறு பொங்கி வைத்துவிட்டுப் போகிறாள். செடிக்கும் அவளே தண்ணீர் ஊற்றுகிறாள். "இதுவும் ஒரு பூவ விட்டுத் தொலைக்க மாட்டேங்குது" என்று அதோடு சண்டை வேறு. அவள் சண்டை போட்டு ரொம்ப நாளாயிற்று. கேட்க நன்றாக இருந்தது.

24-5-1981, ஞாயிறு

கிணறு வற்றிவிட்டது. இலைகள் ஓரம் கருகித் தொங்குகின்றன. காசிமாயன் வந்தான்.

"இங்கயே கெடந்தா இந்தக் கோடையோட போயிரும் மச்சான். மழை விழட்டும். லோடோட லோடாப் போட்டு மேல கொண்டு போயிர்றேன்."

லோடோடு போட்டால் வேர் ஆடும் என்றேன்.

"அப்ப நீங்கதான் மடியில வச்சுக் கொண்டாரணும்" என்று சிரித்தான். அவன் கேலி எனக்குப் பழகியதுதான்.

போகிற நேரத்தில் கேட்டுவிட்டேன் — பூக்காத செடியை அவளிடம் ஏன் கொடுத்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

"அக்கா மலையில, குரங்கணியில பொறந்தது. அதுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன். 'கீழ பூக்காதுடா. பூக்குமா பூக்குமான்னு பாத்துக்கிட்டு அவரு கை ஓயாம இருக்கட்டும்'னுச்சு."

இருவருக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

22-6-1981, திங்கள்

மழை விழுந்துவிட்டது. தூரை மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் கட்டினோம். ஜீப்பில் ஏறினேன். ஏறினேன் என்று எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு பக்கமும் தோட்ட வேலைக்குப் போகிற ஆட்கள், நடுவில் நான், மடியில் செடி. ஒவ்வொரு வளைவிலும் இலை எதிரே இருந்த கூலிக்காரி ஒச்சம்மாளின் முகத்தில் அடித்தது.

"வாத்தியாரய்யா, ஒங்க புள்ளைக்கும் டிக்கெட் எடுத்தீகளா?"

"மடியில இருந்தா டிக்கெட் கெடையாது ஆத்தா" என்றான் ஓட்டுகிற சின்னச்சாமி. ஜீப்பே சிரித்தது.

தூர் ஆடாமல் பிடிப்பதிலேயே கவனம் போனதால் பள்ளத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். மெட்டில் இறங்கிய பிறகுதான் வாந்தி எடுத்தேன்.

ஓடை ஓரமாக, மரநிழலில், காசிமாயன் தோட்டத்தில் வைத்தோம். பெயர்த்து வைத்த தூர் உடனே பூக்காது, காத்திருக்கத்தான் வேண்டும். திரும்பி மலை இறங்கும்போது மடியில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

28-6-1981, ஞாயிறு

வரைய இலை இல்லை. கிணற்றடியில் செடி இருந்த குழியை வரைந்தேன். சேலைத் துணி இன்னும் மேலே தொங்குகிறது. அதையும் வரைந்தேன்.

4-4-1983

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றுகிறது. மேலே பாதித் தோட்டம் கருகிவிட்டதாம். ஓடையும் வற்றிவிட்டதாம். நம் செடியைப் பற்றிக் காசிமாயன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறுகளில் இப்போதெல்லாம் பழைய படங்களைத் தூசி தட்டி அடுக்குவதோடு சரி.

20-7-1983

காசிமாயன் வாசலில் நின்றே சொன்னான்: "பூச்சரம் விட்டிருக்கு மச்சான். வெரசா வந்தா பாக்கலாம்."

சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். மகள்தான் பார்த்துச் சொன்னாள். தானும் வருவதாகச் சொல்கிறாள்.

24-7-1983, ஞாயிறு. மெட்டு

நேற்று மாலை வந்தோம். வழியில் ஒருமுறை வாந்தி.

தூரில் பாதி பட்டுப்போயிருக்கிறது. மீதிப் பாதியில் ஒரே ஒரு சரம், கொடி மாதிரி தரையோடு ஓடுகிறது. அதில் காலையில் ஒரு பூ. உட்கார்ந்து பார்த்தால் தெரியவில்லை. சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். பொன்னுமணி குடை பிடித்தாள். காலில் ஏறிய அட்டைகளைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போட்டாள். வேலைக்கு வந்த ஒச்சம்மாள் தூரத்தில் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா விழுந்து கெடக்காரு, தூக்குங்கடா" என்று ஓடி வந்தாள். பக்கத்தில் வந்து பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள், நடுவிலிருந்து விசிறி போல. காகிதம் ஈரத்தில் ஊறி, ஊதா பரவிக்கொண்டே போயிற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் கண் வலித்தது. முதல் தாள் வீண். இரண்டாவதில் விளிம்பும் சில கோடுகளும் வந்தன. அதற்குள் பூ சோர்ந்து மடிந்துவிட்டது.

சரத்தில் அடுத்த மொட்டு வெளுத்திருக்கிறது. காலையில் விரியும் போலிருக்கிறது.

"கடைசி ஜீப்பு கெளம்புதாம்ப்பா. நிக்கச் சொல்லவா?"

போகட்டும் என்றேன்.