வெயிலைப் பார்த்து நடந்தால் கடல் வரும்

அன்புள்ள அப்பா,

நேற்றுப் பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். தடித்த சின்ன அட்டைகள். ஒன்று முழு, ஒன்று அரை. மகள் அரை டிக்கெட்டை மூக்கில் வைத்து, "அம்மா, பழைய புத்தகம் மாதிரி மணக்குது" என்றாள். நானும் வாங்கி மணந்து பார்த்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

விடுமுறைக்கு இவர் அவளைக் கொழும்பு காட்டக் கூட்டிப்போகிறார். அவளுக்கு எட்டு வயது. உங்களோடு போனபோது எனக்கும் எட்டு வயதுதான். நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. நீங்கள் இருக்கும்போதே நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது பிந்தி எழுதுகிறேன். படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு வசனத்தை வாயால் சொல்ல என்னால் ஏலாமல் போயிற்று.

அந்த முறை உங்களுக்குத் துறைமுகத்தில் விடுமுறையும் இலவச ரயில் வாரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா வரவில்லை. காலையில் கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கினோம். சனத்தைப் பார்த்து நான் மிரண்டுபோய் நின்றேன். நீங்கள் குனிந்து, ஊரில் எப்போதும் சொல்வதையே அங்கேயும் சொன்னீர்கள்.

"பயப்பிடாதை. காலமை வழி தவறினால் வெயிலைப் பார்த்து நட. கடல் வரும். கடற்கரையிலை நில்லு. நான் வருவன்."

கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் அது பிழைக்காத வழி. சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். சாம்பல்தீவில் விட்டாலும் சரி, டச்சுக்குடாவுக்குப் பின்னால் விட்டாலும் சரி, காலை வெயிலை முகத்தில் வாங்கி நடந்தால் கடலில் போய் முட்டலாம். கொழும்பில் சூரியன் கடலில் போய் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகில் சுக்கான் பிடித்தவர் நீங்கள். ஆனால் பிள்ளைக்குச் சொல்லும்போது ஊர்தான் வாயில் வந்தது.

முதல் நாள் நூதனசாலையும் மிருகக்காட்சிச்சாலையும். யானை கால் தூக்கி ஆடியதைப் பார்த்துவிட்டு, "எங்கடை கந்தளாய் யானையளுக்கு இந்த வெட்கங்கெட்ட வேலை தெரியாது" என்று சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று சிரித்தது. நான் அன்று உங்கள் கையை விடவே இல்லை.

இரண்டாம் நாள் காலை புறக்கோட்டைக் கடைத்தெரு. அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று துணியைத் தடவி, படகில் நின்று கரைக்குக் கதைக்கிற குரலில் விலை கேட்டீர்கள். அப்போதுதான் எதிர்க்கடையிலிருந்து என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு இறங்கி வந்தாள். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் முதல் வாங்கில் இருக்கிறவள். வெள்ளைச் சப்பாத்து, தலையில் றிபன். தகப்பன் காரருகில் நின்றார். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத தார் மணம் உங்கள் கையில் இருந்தது. உங்கள் காக்கிக் காற்சட்டையில் தையல் போட்டிருந்தது.

அப்பா, சனம் நெருக்கியதில் உங்கள் கை நழுவவில்லை. நான் இழுத்து எடுத்தேன். எடுத்து, அடுக்கி வைத்திருந்த துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் என்னை உங்களோடு பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் நான் சொல்லாத வசனம்.

அவர்களுடைய கார் போன பிறகு வெளியே வந்தேன். நீங்கள் இல்லை. நான் அழவில்லை. எனக்குத்தான் வழி தெரியுமே. வெயிலைப் பார்த்து நடந்தேன். கடைகள் முடிந்தன, வீடுகள் வந்தன, ரயில் பாலம் வந்தது. கடல் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு கடைப் படியில் இருந்துவிட்டேன். வெற்றிலை விற்ற சிங்களப் பெண் ஒருத்தி ஏதோ கேட்டாள், விளங்கவில்லை. தண்ணீர் தந்து, போகவிடாமல் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டாள்.

நீங்கள் வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைத் தேடி முதலில் காலிமுகத்திடல் கடற்கரைக்குத்தான் ஓடியிருக்கிறீர்கள். பிள்ளை சொன்னபடி கேட்பாள், கடற்கரையில் நிற்பாள் என்று. கடலைப் பார்த்து நின்றபோது முதுகில் வெயில் சுட்டதாம். என்னை எந்தப் பக்கம் அனுப்பிவிட்டீர்கள் என்று அப்போதுதான் உறைத்ததாம். அங்கிருந்து திரும்பி, காலை வெயில் இருந்த திசையை விடாமல் ஓடி வந்தீர்கள். என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணைக் கும்பிட்டீர்கள்.

அந்த நாட்களில் கொழும்பில் தமிழ்ப் பிள்ளை ஒன்று தவறிப்போனது என்றால் ஊரில் எவருக்கும் நெஞ்சு பதறும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "எப்பிடித் தவறினவள்?" நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சேலைப் பார்சலை அவிழ்த்தபடி, "நான்தான் கையை விட்டிட்டன்" என்றீர்கள்.

அவ்வளவுதான். அது உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துக் கூட்டாளிகள், "அண்ணை, கொழும்பிலை கடல் எந்தப் பக்கம்?" என்று நக்கலடிப்பார்கள். அதற்கு நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அம்மாவின் பேச்சு அப்படியில்லை. குடத்தைக் கை தவறிப் போட்டாலும், "பிள்ளையையே விட்ட கைதானே" என்பார். என் கல்யாணத்தன்று கோயில் வாசலில், பீடத்தில் பாதிரியார் நிற்க, உங்கள் கையைப் பிடித்து நான் உள்ளே போகக் காத்திருந்தபோது, எல்லாருக்கும் கேட்க, "பீடம் வரைக்குமாவது விடாமல் கொண்டுபோய்ச் சேருங்கோ" என்றார். சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். என் விரல்கள் உங்கள் கைக்குள் இருந்தன. அப்போதும் நான் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சனத்துக்குள் எப்படியோ நழுவியது என்று நம்பித்தான் பழியை ஏற்றீர்கள் என்று. போன மாதம் கோயில் திருநாளில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஐஸ்பழமும் கையுமாக வந்தார்கள். அவள் கையை இழுத்து எடுத்தாள். நழுவுகிற கை வேறு, இழுக்கிற கை வேறு, அப்பா. உள்ளங்கை அதை உடனே அறிந்துகொள்கிறது. உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யாரைப் பார்த்து இழுத்தேன் என்பதும் தெரிந்திருக்குமோ? அதற்குப் பிறகு தெருவில் நீங்களாக என் கையைப் பிடித்ததே இல்லை. பள்ளிக்கூட வாசலுக்கு முந்திய சந்தியிலேயே நின்றுவிடுவீர்கள்.

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குசினி வாசலில் இருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இழுத்தனியோ?"

"ஓம் அம்மா."

"மெய்யாவோ?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் அந்த மனுசன் வாய் திறக்கேல்லை? நான் வாயிலை வந்ததெல்லாம் பேசினனானே." பிறகு, "கோயில் வாசலிலையும் சொன்னனான், பிள்ளை. அதுக்கும் சிரிச்சவர்" என்றார். நான் பக்கத்தில் இருந்து மிச்ச மீனை வெட்டினேன். அவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்தவர், மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

அந்தக் கதவைப் பார்த்தபடி இருந்தபோதுதான் ஒன்று விளங்கியது. நீங்கள் எனக்கு அடி விழாமல் காப்பாற்றினீர்கள். ஆனால் அன்றைக்கு அடி விழுந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அம்மாவும் இந்த வயதில் இப்படிப் படுத்திருக்க வேண்டியதில்லை. இது குறை இல்லை, அப்பா. உங்களிடம் குறை சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது போய்ச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, கொழும்பிலை அவள் கையை இழுத்தால் இழுத்துப் பிடியாதேங்கோ. பின்னாலை போங்கோ."

"சரி. நீர் ஏன் இப்பவே பயப்பிடுறீர்?"

"இன்னும் ஒண்டு. என்ன நடந்தாலும், நீங்கள்தான் கையை விட்டதெண்டு வந்து சொல்லாதேங்கோ. அவள் செய்ததை அவளே எனக்குச் சொல்லட்டும்."

"இதென்ன கதை?" என்று துவாயும் கையுமாக நின்றார். பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்வேன், அப்பா. முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் எனக்காகப் பொய் சொன்ன அந்த மூன்று வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். என் பிள்ளைக்கு மட்டும் அதைக் கொடுக்கமாட்டேன்.

உங்கள் மகள்