வாப்பாவுக்காக நடந்த கால்

கல்முனைக்குடி
2008 நவம்பர் 20

அன்பு மகள் நதீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். "வாப்பாவின் நடை இளந்தாரி நடை போல மாறிவிட்டது, எங்கள் டொக்டர் அதிசயப்படுகிறார்" என்று எழுதியிருந்தாய். இளந்தாரி நடைதான் மகள். ஆனால் அது என்னுடையது இல்லை, நம்மட குணத்தின் நடை.

நடையை அளக்க நீ அனுப்பிய சின்னப் பெட்டியைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நாலைந்து நாள் நடந்து பார்த்தேன். நடுங்குகிற கையும் நிலத்தில் ஒட்டிக்கொள்கிற காலுமாக நான் போகிற சீரைக் கண்டு பக்கத்து வீட்டுக் கோழிகூட ஒதுங்கி நின்றது. இந்த நடை மெல்பேர்ன் வரைக்கும் போய், வெள்ளைக்கார டொக்டர் கொம்பியூட்டரில் பார்த்து, உனக்கு மானக்கேடாகிவிடுமே என்று யோசித்தேன். கரைவலை இழுக்கிற நம்மட குணத்தைக் கூப்பிட்டு, "தம்பி, இதக் கொஞ்ச நாளைக்கு நீ கட்டிக்க" என்றேன்.

"ஓம் காக்கா, உங்கட நடைய நான் நடக்கிறன். மறுகா நோன்பையும் நானே புடிக்கவா?" என்று கேட்டான், கூடப் பிறக்காமலே என்னைக் காக்கா என்கிற அந்தப் பொல்லாதவன்.

உப்புத் தண்ணீர் படாமல் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் சீலைத் துண்டு கட்டியிருக்கிறான். காண்கிறவர்கள் கால் புண் என்று நினைக்கிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். காலில் பச்சை லைட் மின்னுவதைச் சோதனைச் சாவடியில் கண்டால் யார் விளங்கப்படுத்துவது?

போனில் சொல்லலாம் என்றால் என் குரல் எனக்கே கேட்பதில்லை. எழுத்தும் போகப்போகச் சிறுத்துக்கொண்டு வருகிறது, பார்.

உன் கள்ள வாப்பா
அச்சிமுகம்மது


மெல்பேர்ன்
2008 டிசம்பர் 4

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகுதான் கோபம் வந்தது. நீங்கள் பின்பக்கமாக நடப்பதாகப் பெட்டி காட்டியதை டொக்டர் மற்ற டொக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வலை இழுக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று இனி நான் எந்த முகத்தோடு சொல்வது?

வாப்பா, பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் தங்கள் வீட்டில் எவ்வளவு நடக்கிறார்கள் என்று தூரத்தில் இருந்தபடியே பார்ப்பதுதான் எங்கள் வேலை. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. பெட்டி நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டாது. காலின் அசைவை மட்டும் போன் சிக்னலில் அனுப்பும். பற்றரி மூன்று மாதம் தாங்கும். உங்கள் நடுக்கம் சின்னச் சின்ன அலையாகத் தெரியும், நித்திரையில் அடங்கிவிடும். அது அடங்குவதைப் பார்த்துவிட்டு நானும் படுக்கலாம் என்றிருந்தேன். இத்தனை நாளும் குணம் மாமா குறட்டை விடுவதையல்லவா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்!

கால் ஒட்டினால் பயப்படாதீர்கள். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் குறுக்குக் கோடு போடுங்கள். கோட்டைக் கண்டால் கால் தானாகத் தாண்டும். பெட்டியைத் திருப்பி வாங்கி நீங்களே கட்டுங்கள்.

கோபம் இன்னும் ஆறாத
நதீரா


கல்முனைக்குடி
2008 டிசம்பர் 28

அன்பு மகளுக்கு வாப்பாவின் ஸலாம்.

நீ சொன்ன கோடு நல்ல வேலை செய்கிறது. வெண்கட்டி கரைந்து முடிந்ததும் குணம் தன் காலையே குறுக்கே நீட்டுகிறான். "தாண்டுங்க காக்கா, இதான் கோடு" என்கிறான். கிணற்றடி வரைக்கும் அவன் காலைத் தாண்டித் தாண்டியே போய் வருகிறேன். குனிந்து பார்த்தால் நான் கட்ட வேண்டிய பெட்டி அவன் காலில் இருக்கிறது. வெட்கம் என்ன விலை என்று கேள்.

முந்தாநாள் கடல் வந்து நாலு வருஷம். உன் உம்மாவின் பேரில் கத்தம் ஓதினோம். குணமும் வந்து வாசலில் இருந்தான். அன்று உன் உம்மாவைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என்னோடு நடந்தவன் அவன்தானே. "நீங்க வெளியில நில்லுங்க காக்கா, நான் பார்த்துட்டு வாறன்" என்று, மூடிக் கிடந்த முகத்தையெல்லாம் அவனே திறந்து திறந்து பார்த்தான்.

சந்திக்கு அங்கால் புது ஆமி முகாம் போட்டிருக்கிறார்கள். நம்பர் இல்லாத வெள்ளை வான் ஒன்று ஓடித் திரிகிறது. கரைக்கு வேலைக்கு வருகிற இரண்டு பேரைக் காணவில்லை. இதையெல்லாம் போனில் கேட்டுவிடாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தருவதாகக் குணம் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு உன் டொக்டருக்கு அதிசயம் ஒன்றும் கிடைக்காது.

வாப்பா


மெல்பேர்ன்
2009 ஜனவரி 12

என் நல்ல வாப்பாவுக்கு,

சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னமே பெட்டியை வாங்கிக் கட்டிவிட்டீர்கள்! இரண்டாம் திகதி வெள்ளிக்கிழமையில் இருந்து இளந்தாரி நடையைக் காணோம், நடுக்கம் வந்துவிட்டது. "இவர்தான் என் சொந்த வாப்பா" என்று டொக்டரிடம் காட்டினேன்.

ஆனால் ஏன் நடக்கிறீர்கள் இல்லை? சின்ன அறைக்குள் நின்று திரும்புவது போல இரண்டு மூன்று எட்டு வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. நித்திரையில் அடங்க வேண்டிய நடுக்கம் இரவிலும் அடங்கவில்லை. மருந்துக் குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா? வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். குணம் மாமாவோடு வெளியே போய் வாருங்கள்.

நதீரா


கல்முனைக்குடி
2009 ஜனவரி 26

மகள்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெட்டி என்னிடம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, விடியச் சுபஹு தொழுதுவிட்டு நாங்கள் பள்ளியால் வருகிற நேரம், கரையில் அந்த வெள்ளை வான் வந்து நின்றதாம். வலை பாதி இழுத்தபடி. பெயர் சொல்லிக் கேட்டு, குணத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், காலில் சீலைத் துண்டோடு. அவன் பெண்சாதி பூமணி பொலிஸுக்கும் முகாமுக்கும் அலைகிறாள். "அப்பிடி ஒராளும் இஞ்ச இல்ல" என்கிறார்களாம். அவன் காலில் கட்டியிருந்தது எது, யாருடையது என்று பூமணிக்குத் தெரியும். அப்படியிருந்தும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

நீ பார்த்த நடுக்கம் என்னுடையது இல்லை மகள். குணம் நடுங்குகிற ஆளும் இல்லை. கடல் வந்த அன்றுகூட அவன் நடுங்கவில்லை.

நடுக்கத்தைப் பற்றிப் பூமணியிடம் நான் வாய் திறக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் காக்கா?" என்றாள். "என்ட மகள் பார்த்துக்கிட்டு இரிக்கா" என்றேன். நீ படித்த படிப்பு எதற்கு என்று ஊரில் கேட்டவர்களுக்கு இனிப் பதில் இருக்கிறது.

போன் எடுக்காதே. இன்னும் நடுங்குகிறதா என்று மட்டும் எழுது. நடுங்கட்டும்.

வாப்பா


மெல்பேர்ன்
2009 பெப்ரவரி 9

வாப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்றும் நடுங்கியது. அதற்குப் பிறகு நான் கொம்பியூட்டரை விட்டு எழும்பவேயில்லை.

சனிக்கிழமை ஒரு நீண்ட நடை. அந்த அறைக்குப் போன பிறகு குணம் மாமா அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. மணலில் நடந்தார். மணலில் அவர் கால் எப்படிப் புதையும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பின்பக்கமாக இல்லை, முன்பக்கமாக. பிறகு நின்றார். அதற்குப் பிறகு பெட்டி ஒன்றும் அனுப்பவில்லை.

பற்றரி முடிந்திருக்கும் என்கிறார் டொக்டர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வாப்பா, எங்கேயும் போகாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நதீரா


கல்முனைக்குடி
2009 பெப்ரவரி 23

அன்பு மகள் நதீராவுக்கு, அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

பற்றரிதான். பூமணியிடமும் அப்படித்தான் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

நட நட என்று எத்தனை தரம் எழுதினாய். இன்று நடந்தேன், முகாம் வரைக்கும். கால் ஒட்டின இடத்திலெல்லாம் பூமணி தன் காலைக் குறுக்கே நீட்டினாள். அவளுக்குக் குணத்தைப் போலப் பகிடி விடத் தெரியாது. "ம்" என்பாள், நான் தாண்டுவேன். வழியில் சனம் எங்களைப் பார்த்த பார்வையைச் சொன்னால் சிரிப்பாய். உன் டொக்டர் பார்த்திருக்க வேண்டிய நடை அது. பெட்டி இல்லாமல் போனது உங்களுக்குத்தான் நட்டம்.

முகாமுக்குக் கிட்டப் போனதும் ஆமிக்காரன் ஒருவன் பூமணியை மறித்துவிட்டான். நான் மட்டும் போனேன். வாசலில் றோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு அடித்திருக்கிறார்கள். இப்பால் நின்று சொல்ல வேண்டும், தாண்டக் கூடாது என்று பலகை போட்டிருக்கிறது. நின்று, குணத்தின் பெயரைச் சொன்னேன். காவலில் நின்றவனுக்கு என் குரல் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். கோட்டைக் கண்டதும் கால் தாண்டிவிட்டது.

துவக்கைத் தூக்கிக்கொண்டு கத்தினான். பின்னால் போகச் சொன்னான். பின்பக்கமாக நடக்க எனக்கு எங்கே தெரியும், அது குணத்தின் நடை. வந்து நெஞ்சில் தள்ளினான். தள்ளினதில் இடது செருப்பு கோட்டுக்கு அங்கால் கிடந்துவிட்டது. அதை எடுத்துத் தரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவன் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, நாளைக்கு உள்ளே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். தனியாக வரவேண்டுமாம்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு முகாமுக்குப் போகிற வழியில் தபாலில் போடுவேன்.

இன்று ஒற்றைச் செருப்போடுதான் வீட்டுக்கு வந்தேன். தார் சுட்டது.

வாப்பா