ஹெல்லி கடலில் விழுந்த கதை

ஜூன் 9, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. மகா வேனில் ஏறும்போது "போயிட்டு வர்றேங்க" என்றாள். போன தீபாவளிக்கு முன்னால் அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். இன்னும் 'ங்க'தான். ஒன்பது வயசுப் பிள்ளை, கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள்.

சென்னை டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து கிங்ஸ்லி புதுப் படம் அனுப்பியிருக்கிறார். பழைய கிரேக்கக் கதை, கார்ட்டூன். தமிழ் வசனம் நான். எங்கள் போடி ஊர்க்காற்று மாடியில் துணியை நிற்க விடவில்லை. நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூன் 12

படம் பார்த்தேன். அண்ணன் ஃப்ரிக்ஸஸ், தங்கை ஹெல்லி. கொல்லப் பார்க்கிற சித்தி. காப்பாற்ற வரும் பறக்கும் தங்கக் கிடாய் — வாய் ஓயாமல் ஜோக் அடிக்கிறது.

மூலக்கதையையும் தேடிப் படித்தேன். அதில் சித்தி விதைத் தானியத்தை வறுத்துவைக்கச் செய்கிறாள். வெள்ளாமை போகிறது. பிள்ளைகளைப் பலி கொடுத்தால்தான் விளையும் என்று ஊரை நம்பவைக்கிறாள். கிடாய் தூக்கிக்கொண்டு பறக்கும்போது ஹெல்லி கை நழுவிக் கடலில் விழுந்து சாகிறாள். கடைசியில் கிடாயையும் வெட்டிவிடுகிறார்கள்.

படத்தில் வறுத்த விதைக்குப் பதில் மந்திரப் புகை. ஹெல்லியை டால்பின்கள் தாங்கிக்கொள்கின்றன. கிடாய்க்கு மாலை போடுகிறார்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். சித்தியை மட்டும் தொடவில்லை.

ஜூன் 17

"சித்தி, எங்கள விட்டுடுங்க" — இப்படி எழுதிவிட்டு, அடித்துவிட்டு 'ராணி' என்று போட்டேன். படம் முழுக்க. கிங்ஸ்லியிடம் கேட்டேன். "வாயசைப்புக்கு நிக்குதாக்கா? அப்ப சரி. கதையவே அவங்க மாத்திட்டாங்க, நாம ஒரு வார்த்தைய மாத்துனா என்ன" என்றார்.

நிம்மதி. நிம்மதிதானா?

ஜூன் 21, சனி

மகா பக்கத்தில் உட்கார்ந்து வசனம் படித்தாள். கிடாய்க்குக் குரல் கொடுக்கிறேன் என்று மூக்கால் பேசினாள். ரெண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல்.

அப்புறம் கேட்டாள். "இவங்க அந்தப் பிள்ளைகளோட அப்பாவ ரெண்டாவதா கட்டுனவங்கதானே? ஏன் ராணின்னு கூப்பிடுதுக?"

சித்தி என்றால் வாயசைப்புக்கு நிற்கவில்லை என்றேன். எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று ரெண்டையும் சொல்லிப் பார்த்தாள்.

"நிக்குதேங்க."

ஜூன் 22

"கடல்ல விழுந்த பொண்ண பழைய கதையிலயும் டால்பின்தான் தூக்குச்சா? நெசமாச் சொல்லுங்க."

நேற்றே ஒரு பொய் சொல்லியாச்சு. இன்னொன்று வரவில்லை. "இல்ல பாப்பா. செத்துப்போயிட்டா. அந்தக் கடலுக்கு அவ பேர வச்சாங்க" என்றேன்.

அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். மத்தியானம் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டாள். ஏலக்காய்க் கடையிலிருந்து வந்த அவள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்து கோபம். "சின்னப் புள்ளகிட்டப் போயி இதச் சொல்லுவியா? படமெடுத்தவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே, வள்ளி."

எதுக்கு வாயத் தொறந்தேன்? பெத்தவளா இருந்தா சொல்லியிருப்பேனா? இப்பத்தானே சிரிச்சா — அதையும் கெடுத்துக்கிட்டேன்.

ஜூன் 23

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 24

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"எங்க அம்மா மதுர ஆஸ்பத்திரியில இருக்காங்க, வந்துருவாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. வேன்ல ஒரு பிள்ளதான் செத்துட்டாங்கன்னு சொல்லுச்சு. அதுவரைக்கும் நான் அம்மாவுக்குன்னு மிட்டாய் எடுத்து வச்சிருந்தேன்."

வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்தேன்.

"நான் கேட்டா நீங்க சொல்லிருவீங்கல்ல?"

"சொல்லிருவேன்."

தலையாட்டினாள். பழைய கதை முழுவதையும் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, "வறுத்தா வெத முளைக்கவே முளைக்காதா?" என்றாள். பாசிப்பயறை ஒரு கை வறுத்தோம், ஒரு கை பச்சையாக. ரெண்டையும் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தாள்.

அவரிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரின்னு சொல்லச் சொன்னதே நாந்தான்" என்றார். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன்.

ஜூன் 27

பச்சைப் பயறு வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. வறுத்தது நாறிப்போச்சு. "புகைய விட இதுதான் நல்லாருக்கு. இது நெசமா நடக்கும்ல" என்கிறாள்.

ராணியை எல்லாம் மறுபடி சித்தி ஆக்கி அனுப்பினேன். கிங்ஸ்லி, "என்னக்கா இது" என்றார். சிரித்துவைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தேனியில் படம் பார்த்தோம், மூன்று பேரும். தமிழில் கிடாய் பேசப் பேசத் தியேட்டரே சிரித்தது. டால்பின்கள் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மகாவும் தட்டினாள். தட்டிவிட்டு என் காதுக்குள், "நமக்குத்தான் தெரியும்" என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் ஒரே ரகளை. சடை கோணலாம். "விடு சித்தி, நீ பின்னுனா இப்படித்தான் இருக்கும். உனக்குப் பின்னவே தெரியல" என்று ரிப்பனை உருவி எறிந்தாள். வாசலில் வேன் ஹாரன்.

"பெரியவங்கள என்ன, நீ வா போங்கிற?" என்று அவள் அப்பா அதட்டினார்.

"நீங்க வெரசாக் கடைக்குக் கெளம்புங்க" என்றேன் அவரிடம்.

உட்கார வைத்து, அவிழ்த்து, மறுபடி பின்னினேன். வேன் போய்விட்டது. ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன்.