கேட்டை மறித்து உட்கார்ந்திருக்கிறோம்

கர்வேனோ,
ஆகஸ்ட் கடைசி

அன்பு மகன் இவானோவுக்கு,

ஆஸ்திரேலியாவில், அந்தப் பெர்த் குளிரில் நீயும் மருமகளும் இருமல் காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முட்டி வலியைத் தவிர குறையில்லை, அதிலும் பாதி நானாகக் கட்டிவிட்ட பொய். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

எதிரே இருக்கும் தண்ணீர்க் குழாய்த் தொழிற்சாலையை ஒரு மிலானோக்காரன் வாங்கினான் என்று ஈஸ்டரின்போது சொன்னேனே, அந்த ஆள்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. அங்கே பாலிஷ் பிரிவில் தலை நரைக்கும்வரை நின்றவள் நான், எத்தனை முதலாளிகளைப் பார்த்திருப்பேன், இப்படி ஓயாமல் சிரித்தவன் எவனும் இல்லை. கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான், ஜூலையில் பழைய லேத் மெஷின்களுக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடித்தான், ஊரே பூரித்துப் போனது. பக்கத்து வீட்டு எர்சிலியாவிடம், "காரை விக்கிறதுக்கு முன்னாடி உன் புருஷன் என்ன பண்ணினாரு, கழுவித் தொடைக்கலையா?" என்று கேட்டேன். "உனக்கு சாமியார் பூசை வச்சாலும் சந்தேகம்தான்டி" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் நம் மாப்பிள்ளை டிட்சியானோ. அங்கே ஃபோர்மேன் ஆனதிலிருந்து என்னை ஏரிக்கரைக்குக்கூடக் கூட்டிப்போகாதவன், திடீரென்று "அத்தை, லீவுக்கு எங்களோட கடலுக்கு வாங்க, ரூம் போட்டாச்சு" என்று வந்து நின்றான். என் பூனைக்குச் சோறு வைக்க ஆள்கூட அவனே பார்த்துவிட்டான். என் பூனைமேல் அவனுக்கு என்ன அக்கறை? என் சமையலறை ஜன்னலில் நின்றால் தொழிற்சாலை கேட் தெரியும், அது அவனுக்கும் தெரியும். முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டினேன். உன் அக்கா நீவெஸையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள் காலை, தொழிற்சாலைக்கு லீவு, பாதி ஊர் கடலுக்குப் போயிருந்தது, பள்ளத்தாக்கு முழுக்கச் சத்தமில்லை, தக்காளி வேகவைத்துக்கொண்டிருந்தேன், வெளிநாட்டு நம்பரோடு காலி லாரிகள் வந்து நின்றன. கேட்டைத் திறந்தது யார் தெரியுமா, கடலில் குளித்துக்கொண்டிருக்க வேண்டிய நம் மாப்பிள்ளை! அடுப்பை அணைத்தேன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். எர்சிலியா ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியோடு வந்தாள். லேத்து ஓட்டும் பஞ்சாபிக்காரரின் மனைவி சுக்விந்தர் ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்தாள். "அத்தை, வெயிலா இருக்கு, உள்ள போங்க, மெஷின் சர்வீஸுக்குப் போகுது" என்றான் டிட்சியானோ. "எல்லா மெஷினுக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா மாப்பிள்ளை?" என்றேன். விவரம் தெரியாத ஒரு டிரைவர் அதற்குள், "சீக்கிரம் நகருங்கம்மா, ருமேனியா வரைக்கும் ஓட்டணும்" என்று கத்தினான். சர்வீஸும் இல்லை ஒன்றும் இல்லை, முதலாளி தொழிற்சாலையையே அங்கே கொண்டுபோகிறான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சாயங்காலம் லாரிகள் காலியாகவே திரும்பின.

அன்றிலிருந்து முறை வைத்து உட்காருகிறோம், கடலிலிருந்து திரும்பிய ஆண்களும் வந்துவிட்டார்கள். முதலாளி போனை எடுப்பதில்லை. மேயர் வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டு போனார், அவரையும் நான் நம்பவில்லை. நீவெஸ் பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து, எல்லோர் முன்னாலும் புருஷனைப் பார்த்து, "எங்கம்மாவ ஏமாத்தத்தான் எங்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போனியா?" என்று கேட்டாள். "என் வேலையாவது மிஞ்சும்னு சொன்னாங்க நீவெஸ்" என்று அழுதான். அவள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டவள், இன்னும் அவனோடு பேசவில்லை.

நேற்று அவனும் ஒரு நாற்காலியோடு வந்தான். ஆண்கள் விலகி உட்கார்ந்தார்கள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எங்களோடு உட்கார வந்தானா, எங்களில் யார் யார் இருக்கிறோம் என்று பார்த்து முதலாளியிடம் சொல்ல வந்தானா, எனக்கு எப்படித் தெரியும்? கேட் சாவியை எடுத்து என் மடியில் வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்து, "இதுக்கு இன்னொரு சாவி இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து அதையும் எடுத்துக் கொடுத்தான்.

உனக்கு அவன் போன் செய்தால் அன்பாகப் பேசு, ஆனால் எங்களில் யார் எந்த நேரம் உட்காருகிறோம் என்பதை மட்டும் சொல்லாதே. மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடையால் மூடிக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
டெல்ஃபீனா