ஏணி அறை

ஜூன் 4
மரம் ஏற்றி முடிந்தது. கீழே சரக்கறை நிறைய உருட்டுக்கட்டைகள். மிச்சத்தை மேல்தளத்தில் அடுக்கிச் சங்கிலி போட்டாயிற்று. இடுப்பு ஒடிந்துவிட்டது. போசன் என்றால் மேல்தள ஆட்களை வேலை வாங்குபவன் என்று பெயர்தான். அவர்களோடு சேர்ந்து நானும் மாடாக உழைக்கிறேன்.

மாமா இன்றும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கையுறை போடாமல் சங்கிலி இழுக்கிறார். "போசன், உங்க வாய்க்கு ஒரு உறை போட்டா கப்பல் நிம்மதியா போகும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். இதே கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் "மாமா, மாமா" என்று அவர் பின்னாலேயே அலைவதால் அவர் கப்பலுக்கே மாமா ஆகிவிட்டார். அவரைவிட மூத்தவரான கேப்டன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஜூன் 9
கடல் மோசம். நிற்கவே முடியவில்லை, எங்கே எழுதுவது?

ஜூன் 17
கரை சேர்ந்தோம். மேல்தள மரம் இறங்கிவிட்டது. நாளை சரக்கறை.

ஜூன் 18
மாமா போய்விட்டார்.

ஜூன் 19
எழுதினால்தான் தலைக்குள் ஓடுவது நிற்கும்.

சரக்கறையின் பெரிய மூடிகள் முழுக்கத் திறந்திருந்தன. மரத்தின்மேல் வெயில் அடித்தது. காற்றுக்கு என்ன குறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஏணி இருப்பது ஓரத்தில், ஒரு குறுகிய அறைக்குள். அதற்குத் தனி மூடி. அது பயணம் முழுக்க மூடியே கிடந்தது. ஈர மரம் அங்கிருந்த காற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

கிரேன் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. கீழே விழுந்து கிடந்த இரும்புக் கயிற்றை எடுத்து வைக்கலாம் என்று ஏணி அறை மூடியைத் திறந்து தானாகவே இறங்கியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.

மச்சினன்தான் பார்த்தான். "மாமா கீழ கெடக்குறாரு!" என்று கத்திக்கொண்டே காலை உள்ளே விட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளி, அவன்மேல் விழுந்து அமுக்கிக்கொண்டேன்.

"விடுங்கண்ணே! என்னைக் கூப்பிடுறாரு!"

கூப்பிடவில்லை. கீழே ஒரு சத்தமும் இல்லை. சீஃப் ஆபீசர் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி, கயிறு கட்டி மாமாவை மேலே ஏற்றும்வரை நான் அவனை விடவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஜூன் 20
"நீங்க விட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாரு." சாப்பாட்டு அறையில், எல்லார் முன்னாலும் சொன்னான். யாரும் தலை தூக்கவில்லை.

இரண்டு மூச்சிலேயே நினைவு தப்பியிருக்கும் என்கிறார் கரை டாக்டர். சரி. ஆனால் உயிர்? அது எப்போது போனது? ஒருவேளை அவன் எட்டிப் பார்த்தபோது உயிர் இருந்திருந்தால்— இல்லை. இறங்கியிருந்தால் அவனும் அங்கேயே விழுந்திருப்பான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது?

ஜூன் 23
உடலோடு மச்சினனும் ஊருக்குப் போகிறான். மாமாவின் பையை நான் தூக்கிக்கொண்டு கப்பலின் இறங்கு படி வரை போனேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வலிக்கிறது.

ஜூன் 27
காலியான சரக்கறையைக் கழுவினோம். ஏணி அறையைத் திறந்து போட்டு, விசிறி வைத்து, காற்றை அளந்துதான் இறங்கினோம். ஒருத்தன்கூட முணுமுணுக்கவில்லை. இப்போது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்போது!

ஜூன் 30
மாமாவின் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டான். நல்லவன்தான் போலிருக்கிறது. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்?

ஜூலை 3
மச்சினனிடமிருந்து போன். "அக்கா பேசணுமாம்" என்றான். அவ்வளவுதான்.

மாமாவின் மனைவி. என்ன சொல்லித் திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்தம்பியப் பிடிச்சு வச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா."

பிறகு சொன்னாள்: "எங்கம்மா ராத்திரியெல்லாம் அவன் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்காங்க. ரெண்டு பெட்டி வந்திருந்தா நாங்க என்னண்ணே பண்ணியிருப்போம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று வராத அழுகை.

போன் மறுபடி அவன் கைக்குப் போனது. "அண்ணே" என்றான். வெகுநேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.